முதல் கத்தியை உடைக்க வேண்டும்

மரக்காணம் உப்பளத்தில் ஒருவன் எந்த வேலை வேண்டுமானாலும் பார்க்கலாம், மோட்டார் கொட்டகை வேலை மட்டும் வாய்க்கக் கூடாது. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மோட்டார்காரன் போக முடியாது. மும்முனைக் கரண்டு ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மாலையில் வரும், சில நாள் இரண்டிலும் சேராமல் வரும். வந்த கையோடு சுவிட்சைப் போட வேண்டும். போர் தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, பாத்தி பாத்தியாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வராத நேரத்தில், வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரபாணி முதலாளியின் அளத்தில் கலியபெருமாள் பார்த்தது இந்த வேலையைத்தான். தை பிறந்தால் கொட்டகைக்குள் போவான், ஐப்பசி மழையில் அளம் மூழ்கினால்தான் வெளியே வருவான். "உனக்கின்னாப்பா, உக்காந்த எடத்துல சம்பளம்" என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பிடித்து வந்து ஒரு சித்திரை மாதம் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கிறவனுக்குத் துணை செல்போன்தான். கலியபெருமாள் அதில் பார்க்காதது கிடையாது. பிரியாணி செய்வதைப் பார்த்தான், பாம்பு பிடிப்பதைப் பார்த்தான், வெளிநாட்டில் எவனோ காட்டுக்குள் மண்வீடு கட்டுவதை முழுசாகப் பார்த்தான். அப்படி ஒரு மதியம் கண்ணில் பட்டதுதான் அந்தக் கத்தி வீடியோ. லாரியின் அடியில் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருப்பார்களே, கமான் பட்டை, அதில் ஒடிந்துபோன ஒன்றை நெருப்பில் போட்டு, அடித்து, தேய்த்து, ஒருவன் கத்தி செய்தான். வீடியோ முடிந்ததும் கலியபெருமாள் தலையைத் தூக்கி வெளியே பார்த்தான். உப்பு ஏற்ற வந்த லாரி ஒன்று ஒடித்துப் போட்டுவிட்டுப் போன கமான் பட்டை வாய்க்கால் மேட்டில் கிடந்தது. உப்புக் காற்று பட்ட லாரிகளுக்கு அது ஒடிவதே வழக்கம். இத்தனை வருஷமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறான்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. காயலான் கடையிலிருந்து லாரியின் பிரேக் டிரம் ஒன்று வந்தது, அதுதான் உலை. பழைய புளோயர் ஒன்று காற்று ஊதியது. வேலிக்காத்தான் கரி அந்தப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அடிப்பதற்குத் தண்டவாளத் துண்டு ஒன்று. கொட்டகையில் சிங்கிள் பேஸ் லைன் எப்போதும் இருந்ததால் புளோயருக்கும் தேய்க்கிற கிரைண்டருக்கும் குறைவில்லை. வீட்டில் செய்யலாம் என்றால் சுற்றிலும் கீற்று வேய்ந்த வீடுகள். ஒரு பொறி பறந்தால் தெருவே திரண்டு வந்து அவனைத்தான் உலையில் வைக்கும்.

வீடியோவைப் போட்டவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். கத்தி செய்வதைத் தொழிலாக இல்லாமல் வெறியாகச் செய்கிற கூட்டம். ஈரோட்டுப் பல் டாக்டர் ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், தச்சர் ஒருவர் என்று கலந்து கட்டியாக இருந்தார்கள். அதை நடத்தியவள் கீதாஞ்சலி. இரும்பை என்கிற ஊரில் ஒரு பட்டறை வைத்து, சமையல் கத்திகள் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு இரண்டு குரூப்புகள். உள் குரூப்பில் பேசலாம், சண்டை போடலாம், கேள்வி கேட்கலாம். வெளி குரூப்பில் இருப்பவர்கள், அங்கே நடக்கிற பேச்சில் அவள் எடுத்துப் போடுவதைப் படிக்க மட்டும் செய்யலாம். கலியபெருமாள் வெளி குரூப்பில் இருந்தான்.

உள்ளே போக ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தாள் கீதாஞ்சலி. வருஷத்துக்கு ஒருமுறை வைகாசியில் இரும்பையில் கூடுவார்கள். தன் கையால் செய்த முதல் நல்ல கத்தியைக் கொண்டு போக வேண்டும். எல்லோர் முன்னாலும் அதை வைஸில், மேஜையோடு முடுக்கிய இரும்புப் பிடியில், பிடித்து, வளைத்து, உடைக்க வேண்டும். உடைந்த முகத்தைப் பார்த்தால் செய்தவனின் நெருப்பு எப்படி என்று தெரிந்துவிடும். சூடு சரியாக இருந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். சூடு மீறியிருந்தால் இரும்புக்குள் மணிகள் பெருத்து, கல் உப்பு மாதிரி மினுக்கும். தோற்றவர்களின் கத்திப் படங்கள் வெளி குரூப்புக்கு வரும்போதெல்லாம் கலியபெருமாள் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். வாழ்க்கை முழுக்க உப்பைப் பார்த்தாயிற்று, இரும்புக்குள்ளேயும் அதையே பார்க்க வேண்டுமா?

ஆனால் உள்ளே போக வேண்டும். அவனுக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. டாக்டர் ஏதாவது கேட்பார், இவனுக்குப் பதில் தெரியும், விரல் தானாகப் போகும். திரையின் அடியில் "நிர்வாகிகள் மட்டுமே செய்திகளை அனுப்ப முடியும்" என்று எழுதியிருக்கும். கொட்டகையில் பேச ஆளில்லை, போனில் பேச விடவில்லை. பகலெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் அவன் பேசுகிற பேச்சில் மனைவி சரண்யாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

முதல் கத்திகளைக் கெடுத்தது அவனுடைய சொந்தப் புத்திதான். சிவக்கக் காய்ந்த இரும்பை எதிலாவது முக்கிக் குளிரவைக்க வேண்டும், அப்போதுதான் உறுதி ஏறும். வெளியூர்க்காரர்கள் எண்ணெய் வாங்கினார்கள். கலியபெருமாளுக்கு வாசலிலேயே தொட்டி இருந்தது. தொட்டி நிறையப் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத கரிப்பு. முக்குவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று முக்கினான். 'டிங்' என்று ஒரு சத்தம். கத்தியின் வாயில் தலைமுடி போல ஒரு கீறல். அடுத்ததற்கும் அதே சத்தம். உப்புத் தண்ணீர் சூட்டை ஒரேயடியாகப் பிடுங்கிவிடும், கமான் பட்டை அதைத் தாங்காது என்பது பிறகுதான் குரூப்பில் வந்த பேச்சிலிருந்து புரிந்தது. உப்பளத்துக்காரன் அல்லாத வேறு எவனுக்கும் இந்த யோசனையே வந்திருக்காது.

அப்புறம் எண்ணெய்க்கு மாறினான். ரேஷனில் போட்ட பாமாயில் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுக் காணாமல் போயின. "யோவ், வீட்ல ஒரு அப்பளம் பொரிக்க வழியில்ல, அங்க இரும்பப் பொரிக்கிறியா?" என்று சரண்யா கத்தினாள். கத்தட்டும் என்று இருந்தான். காந்தத்தை வைத்துப் பார்ப்பான். இரும்பு எந்தச் சிவப்பில் காந்தத்தைப் பிடிக்காமல் விடுகிறதோ, அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் முக்க வேண்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று ஜன்னல் திட்டில் எப்போதும் இருக்கும். இறுகிய கத்தியைக் கொஞ்சம் இளக்க, உப்பையே சட்டியில் வறுத்து அதற்குள் புதைத்து வைத்தான். வைக்கோல் நிறம் ஏறி வந்தது. சத்தம் கேட்கவில்லை, கீறல் விழவில்லை. கத்தி என்றால் அதுதான் கத்தி. தொட்டியில் அலசி, துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றினான். ஒரே ராத்திரியில் உப்புக் காற்று அதில் செம்புள்ளி வைத்துவிட்டது. தேய்த்தெடுத்து, இனிமேல் இங்கே வைக்கக் கூடாது என்று வீட்டுக்குக் கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் புதைத்தான். பின்னால் அந்தத் துருவுக்கே நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

இதற்குள் உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவன் மறந்துவிட்டிருந்தான். மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, தனக்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டான். பாத்திக்குள் இரும்பு இறங்கக் கூடாது. வாருகிற பலகை மரம், அள்ளுகிற கூடை பிளாஸ்டிக். ஓர் ஆணி தவறி விழுந்தாலும் அது கரைந்து சுற்றியுள்ள உப்பெல்லாம் பழுப்பேறிவிடும். "நான் பாத்திக்குள்ளயா அடிக்கிறேன்? கொட்டாயிலதான அடிக்கிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். முக்கியபோதும் அலசியபோதும் தொட்டியில் உதிர்ந்த கருஞ்செதில்கள் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. கிரைண்டர் தூளும் கடற்காற்றில் அதே பக்கம்தான் போனது.

தொட்டியிலிருந்து வாய்க்கால் போய்ச் சேர்கிற முதல் பாத்தி சின்னப்பாப்பாவினுடையது. பல வருஷமாக அந்தப் பாத்தியை வாருகிறவள், அவள் உப்பு வெள்ளைக்குப் பேர் போனது. ஒரு நாள் காலையில் அவள் பலகையை இழுக்க, மேலே வந்த உப்பில் மிளகுத் தூளைத் தூவிய மாதிரி பழுப்புப் புள்ளிகள். அவள் போட்ட சத்தத்தில் நான்கு பாத்திக்காரர்கள் ஓடிவந்தார்கள். சக்கரபாணி முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முதலில் சின்னப்பாப்பாவைத்தான் கேட்டார், இரும்புச் சட்டி கிட்டி கொண்டு வந்தாளா என்று. அவள் காதில் வாங்க முடியாத பதில் ஒன்று சொன்னாள். பிறகு பைப்பில் துருவோ என்று வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்து கொட்டகை வாசலுக்கு வந்தார். உலை அணைந்திருக்கவில்லை.

கலியபெருமாள் எழுந்து நின்றான். முதலாளி ஜன்னல் திட்டில் இருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னப்பாப்பாவின் உப்பில் ஒரு இழுப்பு இழுத்தார். காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. திரும்பி வந்து அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"டேய் கலியா, இது இன்னாடா?"

"தெரியாம நடந்துபோச்சு முதலாளி."

"உப்பளத்துல பொறந்தவன் சொல்ற பேச்சா இது? வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் கெளப்பி உட்டிருப்பேன். மோட்டாரு ஒழுங்கா பாக்குற, அதனால பொழச்ச." கொஞ்ச நேரம் உலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அளத்துல உப்பு இருக்குற வரைக்கும் இங்க இரும்பு கூடாது. மழ உழுந்து அளம் முழுகட்டும். அப்பறம் நீ கத்தி செய், கப்பல் செய், எனக்கின்னா?"

உலையும் தண்டவாளமும் கிரைண்டரும் உப்பு குடோனுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. சின்னப்பாப்பாவின் உப்பைக் கூடை கூடையாக அள்ளி வரப்புப் பாதையின் பள்ளத்தில் கொட்டினார்கள். அவள் பழுப்பு உப்பின் மேல் நின்றுகொண்டு இவனைப் பார்த்தாள். "ஏம்பா, உங்கிட்ட நான் ஒரு நாளாவது மொறச்சிருப்பேனா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் பாத்தியை ஒட்டக் கழுவிச் சேற்றை மிதித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகும் அவள் அவனோடு பேசவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உலை இல்லை, மழை வருவதற்கு மாதக்கணக்கில் இருக்கிறது, இரும்பையில் கூடுவது வைகாசியில். கையில் இருப்பது அரிசி டிரம்முக்குள் இருக்கிற ஒரே ஒரு கத்தி. உடைத்தால்தான் உள்ளே போக முடியும். உடைத்துவிட்டால் கத்தியும் இல்லை, இன்னொன்று செய்ய இடமும் இல்லை. உடைக்காவிட்டால் கத்தி இருக்கும், இன்னும் ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும்.

இதை அவன் சரண்யாவிடம் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, புளியங்கட்டையில் பிடி போட்டான். அவள் அதை எடுத்து ஒரு சூரை மீனை அறுத்துப் பார்த்தாள். அறுத்துவிட்டுக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அருவாமனையைத் தொடவே இல்லை. பாமாயில் பேச்சும் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரி இரவல் கேட்டதற்கு, "எங்க வூட்டுக்காரு செஞ்சது, வெளிய குடுக்குறதில்ல" என்று சொல்லி அனுப்பியதை அவன் காதாலேயே கேட்டான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பற்றி அப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் வாயைத் திறந்தான்.

"ஒடைக்கவா?" என்றாள் சரண்யா. "ஒடைக்கிறதுக்கா அவ்வளோ பாமாயில ஊத்துன?"

"அப்பதான் சேத்துக்குவாங்க."

"சேத்துக்கினா?"

"பேசலாம்."

அவள் கத்தியைக் கழுவித் துடைத்து, தன் பழைய புடவைக் கிழிசலில் சுற்றி அவன் பைக்குள் வைத்தாள். "நாளைக்கி மோட்டார நான் பாத்துக்கிறேன். சுவிட்சு போடத் தெரியாதா எனக்கு? போயிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடு" என்றாள். சொல்லிவிட்டு அருவாமனையை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உப்பு வாருகிற காலத்தில் கலியபெருமாள் அளத்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. ஈசிஆரில் பஸ் போகும்போது கரண்டு வந்திருக்குமா, வால்வு திறந்திருப்பாளா என்றே யோசித்துக்கொண்டு போனான். பொம்மையார்பாளையத்தில் இறங்கி, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி இரும்பைக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்த இவனைக் கண்டதும், "மரக்காணம் கலியபெருமாள்தானே? வாங்க ப்ரோ" என்று கீதாஞ்சலியே வந்து கூப்பிட்டாள். கத்தியை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். இவன் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தான். உப்பும் கத்தியும் கைமாற்றிக் கொடுத்தால் சண்டை வரும் என்பது வீட்டில் பழகிய பழக்கம். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டாள். வறுத்த உப்பில் இளக்கியதைச் சொன்னபோது பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை.

அவனுக்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் வைஸுக்குப் போனான். இரும்புக் குழாயைக் கத்தியின் பிடியில் செருகி ஒரு தள்ளு, படக்கென்று ஒடிந்தது. உள்ளே முழுக்கக் கல் உப்பு. "போச்சுடா!" என்று கையை உதறிக்கொண்டு அவனே எல்லோருக்கும் முன்னால் சிரித்தான். அவன் வீட்டில் இன்னும் நிறையக் கத்திகள் இருந்தனவாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வானாம். எல்லோரும் கைதட்டினார்கள். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் என்பதை இவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தான்.

அவன் முறை வந்தது. கத்தியின் முனைப்பக்கத்தை வைஸில் வைத்து இறுக்கினான். குழாயைச் செருகினான். கை அதற்குமேல் போகவில்லை.

"கஷ்டமா இருந்தா விட்ருங்க ப்ரோ" என்றாள் கீதாஞ்சலி. "அழகான கத்தி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வெளி குரூப்ல எப்பவும் போல இருக்கலாம்."

எப்பவும் போல. அந்த வார்த்தையைக் கேட்டதும் தகரக் கொட்டகை கண்முன்னால் வந்தது. கரண்டுக்காகக் காத்திருப்பதும், திரையின் அடியில் எழுதியிருக்கிற வரியும் வந்தன. சூரை மீனை அறுத்துவிட்டுக் கத்தியைத் திருப்பிப் பார்த்த சரண்யாவும் வந்தாள். அவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குழாயைத் தள்ளினான்.

கத்தி வளைந்தது. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். இன்னும் வளைந்தது, ஒடிய மாட்டேன் என்றது. ஒரு கணம், ஒடியாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஆசைப்பட்டான். ஆசைப்பட்டுக்கொண்டே முழு எடையையும் போட்டு அழுத்தினான். ஒடிந்தது.

கீதாஞ்சலி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறம். மாவு மாதிரி. வாய்ப்பக்கத்தில் மட்டும் ஓர் அரிசி அளவுக்கு மினுக்கியது. "இந்த எடத்துல சூடு கொஞ்சம் ஓவராயிடுச்சு. மத்ததெல்லாம் பக்கா" என்றாள். டாக்டர் வந்து கையைக் குலுக்கினார். அங்கேயே நின்று அவனை உள் குரூப்பில் சேர்த்தார்கள். பாக்கெட்டில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு பேர் தன் பெயரைச் சொல்லி வரவேற்பதை அவன் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் இருந்த துண்டுகளைப் பார்த்தபோது அழுகையாகவும் வந்தது.

வெயில் தாழ்கிற நேரத்தில் அளத்துக்கு வந்து சேர்ந்தான். மோட்டார் ஓடி முடிந்திருந்தது, பாத்திகள் சரியான அளவில் நிரம்பியிருந்தன. சரண்யா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் புடவைத் துணியைப் பிரித்துக் காட்டினான். பிடியோடு இருந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இது மீன் செதில் தேய்க்க ஆவும்" என்றாள். "சேத்துக்கினாங்களா?"

"சேத்துக்கினாங்க."

"அப்ப எல்லாத்தையும் அதுலயே பேசித் தீத்துடு. வூட்டுக்கு வந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போனதும் கலியபெருமாள் தன் இடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தான். திரையின் அடியில் அந்த வரி இல்லை, எழுதும் கட்டம் இருந்தது. உள்ளே டாக்டர் அடுத்த கத்திக்குக் கரி நல்லதா கேஸ் நல்லதா என்று கேட்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பையன் அன்றைக்கே உலை மூட்டிப் படம் போட்டிருந்தான். "கலி ப்ரோ, நெக்ஸ்ட் கத்தி எப்போ?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். வருஷம் பூராவும் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் அவனுக்கு வரவில்லை. உலை இருந்த மூலையில் தரையில் வட்டமாகக் கரி படிந்திருந்தது. கதவுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் உப்பு. அந்த உப்பு இருக்கிற வரைக்கும் அவனுக்கு இரும்பு இல்லை.

கடைசியில் எழுதினான்: "மழை வந்தா செய்வேன்."

யாரோ ஒரு குடைப் படம் போட்டார்கள். யாரோ கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை, புரிய வைக்க அவனுக்கும் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். மேற்கே ஒரு மேகம் இருந்தது. உப்பளத்தில் வைகாசி மேகத்தைக் கண்டால் வயிறு எரியும். ஒரு மணி நேரம் பெய்தால் போதும், வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். கீற்றும் தார்ப்பாயும் தேடி எல்லோரும் ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து அவனும் அப்படித்தான் ஓடியிருக்கிறான். இன்றைக்கு அந்த மேகம் பெரிதாகாதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

வரப்பில் சின்னப்பாப்பா வந்துகொண்டிருந்தாள். கழுவிய பாத்தியில் புதிதாக எடுத்த உப்பு அவளுக்குப் பின்னால் குவியலாக இருந்தது, பழையபடி வெள்ளையாக. குவியலை மூடக் கீற்றை இழுத்துக்கொண்டே நின்று அவனைப் பார்த்தாள். அந்தக் காந்த விவகாரத்துக்குப் பிறகு அவளாக வாயெடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஏம்பா கலியா, வானத்தையே பாத்துக்கினு நிக்கிற. மழ வருமா?"

"வராதுக்கா" என்றான். "நீ பயப்படாத."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் கீற்றின் மறுமுனையைப் பிடித்தான். அவளோடு சேர்ந்து அந்த உப்பை நன்றாக, காற்று நுழையாமல், இறுக்கி மூடினான்.